கணினிப் பணியும் கை, மணிக்கட்டு வலியும்: தடுப்பு முறைகள், அறிகுறிகள், சிகிச்சை

சுருக்கமாக

• கணினியில் நெடுநேரம் பணிபுரிவோருக்கு ஏற்படும் கை, மணிக்கட்டு வலியைப் பெரும்பாலும் தடுக்க இயலும். தொடக்க நிலையில் கவனித்தால் அறுவை சிகிச்சை இன்றியே குணமாகும்.
• மணிக்கட்டை நேராக வைத்தல், மவுஸை உடலுக்கு அருகில் வைத்தல், அரை மணி நேரத்திற்கு ஒருமுறை கைக்கு ஓய்வு தருதல் ஆகிய மூன்றும் முதன்மையான தடுப்பு முறைகள்.
• இரவில் விரல்கள் மரத்துப்போய் உறக்கம் கலைவது, கையிலிருந்து பொருட்கள் நழுவுவது, கட்டைவிரலின் அடிச்சதை மெலிவது ஆகியவை நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகள். இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.
• நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். எனவே வலி மாத்திரையை மட்டும் உட்கொண்டு காலம் கடத்தாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கு இது பொருந்தும்?

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு இணையாக வளர்ந்தது அச்சுத் தொழில். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண லேபிள் தேவைப்பட்டதால் வேரூன்றிய அத்தொழில், இன்று நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி என விரிந்திருக்கிறது. முன்பு ஈய எழுத்துகளைக் கோத்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. லேபிள் வடிவமைப்பவர், தமிழ்த் தட்டச்சு செய்பவர், தினசரி நாட்காட்டியின் ஒவ்வொரு தாளையும் சரிபார்ப்பவர் என அச்சகத்தைச் சார்ந்த பலரும் நாள் முழுவதும் மவுஸைப் பிடித்தபடியே அமர்ந்திருக்கின்றனர். பட்டாசு ஆலை அலுவலகக் கணக்கர்கள், இ-சேவை மையப் பணியாளர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்கும் இப்பக்கம் பொருந்தும்.

இங்குள்ள வேலையின் பருவ இயல்பைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகள் வெளியிடப்படுவது சிவகாசியின் வழக்கம். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி வரை தணிவதில்லை. இடையில் தீபாவளி லேபிள்களும் சேர்ந்துகொள்ளும். ஆண்டின் ஒரு பகுதியில் எட்டு மணி நேரம் உழைக்கும் கை, சீசனில் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறது. வேலையின் அளவு திடீரென உயரும்போதே கை பாதிக்கப்படுகிறது. சீசனில் விடுப்பு எடுத்தால் வருமானம் குறையும் என்பதால் வலியை மறைப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வாரத்தில் தணியக்கூடிய வலி ஆறு மாதம் நீடித்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

கையில் என்ன நிகழ்கிறது?

விரல்களை மடக்கும் தசைகளின் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. அத்தசைகளின் இழுவையை விரல்களுக்குக் கொண்டுசெல்பவை தசைநாண்கள் எனப்படும் கயிறு போன்ற அமைப்புகள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளாலும் தடித்த தசைநார்ப் பட்டையாலும் ஆன ஒரு குறுகிய வழி உள்ளது. ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பு எனப்படும் மீடியன் நரம்பும் அதன் வழியாகவே செல்கின்றன. அவ்வழி விரிந்து கொடுக்காது. தசைநாண்களின் உறை வீங்கினாலோ, மணிக்கட்டு நெடுநேரம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கியிருந்தாலோ, உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்குகிறது.

தொழிலுக்கும் கை நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாக அறியப்பட்டதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் அமர்ந்திருப்பது, கையை ஒரே விதமாகத் தொடர்ந்து அசைப்பது, பிழை நேராதபடி மனத்தை இறுக்கிப் பிடிப்பது என மூன்று காரணங்களை அவர் குறிப்பிட்டார். இறகுப் பேனா மவுஸாக மாறிவிட்ட பின்பும் அம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

பொதுவாகக் காணப்படும் பாதிப்புகள்

1. தசைச் சோர்வு: மிகவும் பொதுவானது. முன்கையிலும் தோளிலும் கனமும் வலியும் இருக்கும்; மாலையில் கூடி, ஓய்வுக்குப் பின் தணியும்.

2. கட்டைவிரல் தசைநாண் அழற்சி (டி குவெர்வெய்ன் நோய்): மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலி இருக்கும். பாத்திரத்தைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் சுரீரெனக் குத்தும். கைபேசியில் கட்டைவிரலால் நெடுநேரம் தட்டச்சு செய்வதும், கைக்குழந்தையை அடிக்கடி தூக்குவதும் இதை அதிகப்படுத்தும்.

3. விரல் சிக்கிக்கொள்ளுதல்: மடக்கிய விரல் நிமிராமல் சிக்கி, பின் 'டக்' என்று விடுபடும். நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம்.

4. மணிக்கட்டுக் குகை நோய் (கார்பல் டனல் சின்ட்ரோம்): மேலே கூறியபடி நடு நரம்பு நசுங்குவதால் வருவது. விரல்கள் மரத்துப்போகும், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருக்கும், இரவில் விழித்துக் கையை உதறினால் சற்றுக் குறையும்.

மணிக்கட்டுக் குகை நோய்க்குக் கணினி மட்டுமே காரணம் என்று கூற இயலாது. கையால் இறுக்கிப் பிடித்துச் செய்யும் வேலைகளுக்கும் அதிரும் கருவிகளுக்கும் இந்நோயுடன் உள்ள தொடர்பு, தட்டச்சுக்கு உள்ள தொடர்பைவிட உறுதியானது. ஆகவே வெடிக்குக் காகிதக் குழல் சுற்றுவோர், திரி செருகுவோர், தீப்பெட்டி அடைப்போர் ஆகியோரும் இவ்வறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். பகலில் கணினியும் மாலையில் வீட்டில் கைத்தொழிலும் செய்பவருக்கு இரு சுமைகளும் சேர்கின்றன.

எந்த விரல் மரத்துப்போகிறது?

மருத்துவரிடம் செல்லும் முன் இதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டறிய இது பெரிதும் உதவும்.

• கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி: மணிக்கட்டில் நடு நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம்.
• சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும்: முழங்கையில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். மேசையின் கூரான விளிம்பில் முழங்கையை ஊன்றி அமர்வோருக்கு இது வரும்.
• கழுத்தில் தொடங்கித் தோள் வழியாகக் கைக்கு இறங்கும் வலி: கழுத்தெலும்புப் பகுதியில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம்.
• இரு பாதங்களிலும் எரிச்சலோ மரப்போ முதலில் தோன்றிப் பின்னர் கைகளுக்கும் வருதல்: நீரிழிவால் ஏற்படும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.
• மரத்த பகுதியில் உணர்ச்சியற்ற வெளிர்நிற அல்லது சிவந்த தேமல்: தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. தொழுநோய் முழுமையாகக் குணப்படுத்தக் கூடியது. கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தயங்கவோ மறைக்கவோ வேண்டியதில்லை.

பணியிடத்தை எவ்வாறு அமைப்பது?

விலை உயர்ந்த நாற்காலி கட்டாயமில்லை. இருக்கும் பொருட்களைக் கொண்டே பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம்.

இருக்கை: தோள்கள் தளர்ந்து, முழங்கை ஏறத்தாழ 90 முதல் 110 பாகை வரை மடங்கி, முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்துங்கள். அப்போது பாதம் தரையில் படாவிட்டால் கீழே பலகையோ உறுதியான காகிதக் கட்டோ வையுங்கள். அச்சகத்தில் காகித ரீமுக்குப் பஞ்சமில்லை. முதுகின் கீழ்ப்பகுதிக்குச் சுருட்டிய துண்டு ஒன்றைத் தாங்கலாக வைக்கலாம்.

விசைப்பலகை: பின்புறக் கால்களை நிமிர்த்த வேண்டாம், மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முன்கை முதல் நடுவிரல் வரை ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். விசைகளை ஓங்கித் தட்ட வேண்டாம்.

மவுஸ்: விசைப்பலகையை ஒட்டி, அதே உயரத்தில் இருக்க வேண்டும். கையை நீட்டி எட்டிப் பிடித்தால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வலிக்கும். மணிக்கட்டை மேசையில் அழுத்தியபடி இடவலமாக அசைக்காமல், முழங்கையிலிருந்து முழுக் கையையும் நகர்த்துங்கள். உள்ளங்கைக்குப் பொருந்தாத சிறிய மவுஸைத் தவிர்க்கவும். சுட்டியின் வேகத்தைக் கூட்டினால் கையின் அசைவு குறையும்.

திரை: கை நீட்டும் தூரத்தில், மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியில் நெடுநேரம் பணிபுரிவோர் அதைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் பயன்படுத்துவது நல்லது.

சரிபார்க்கும் படி: மெய்ப்புத் தாளை மேசையில் கிடத்தி வைத்தால் கழுத்து குனிந்தே இருக்கும். திரைக்குப் பக்கத்தில் சாய்வுப் பலகையில் நிறுத்தி வையுங்கள்.

வடிவமைப்பாளர்களுக்கும் தமிழ்த் தட்டச்சு செய்வோருக்கும்

கோரல் டிரா, போட்டோஷாப் போன்ற மென்பொருட்களில் மவுஸின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இழுக்கும் வேலை அதிகம். அழுத்திப் பிடிப்பதே தசைநாணை அதிகம் சோர்வடையச் செய்கிறது. அடிக்கடி செய்யும் கட்டளைகளுக்குக் குறுக்கு விசைகளைப் பழகுங்கள். கன்ட்ரோல் விசையையும் மற்றொரு விசையையும் ஒரே கையால் எட்டிப் பிடிக்க நேர்ந்தால் விரல்கள் அகலும். இரு கைகளையும் பயன்படுத்துங்கள். கோப்பு அனுப்புதல், இணையம் பார்த்தல் போன்ற நுணுக்கம் தேவையற்ற வேலைகளுக்கு இடக்கையால் மவுஸைப் பிடிக்கப் பழகினால் வலக்கைக்கு ஓய்வு கிடைக்கும்.

பழைய தட்டச்சுப்பொறி முறையில் தமிழ் எழுதுவோர் ஷிப்ட் விசையை அடிக்கடி நாட வேண்டியுள்ளது. இதனால் சுண்டுவிரல் களைப்படையும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. எனவே இரு கைகளும் மாறி மாறி இயங்கும். ஷிப்டின் தேவையும் குறைவு. மாற விரும்புவோர் வேலை குறைந்த மாதங்களில் பழகுங்கள். சீசன் நெருக்கடியில் புது முறையைப் பழகுவது கைக்கும் மனத்துக்கும் கூடுதல் சுமை.

ஓய்வும் பயிற்சியும்

அரை மணி நேரத்திற்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கையை மவுஸிலிருந்து எடுத்துத் தொங்கவிடுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். அந்நேரத்தில் கைபேசியை எடுத்தால் அது கைக்கு ஓய்வாகாது.

கீழ்க்காணும் பயிற்சிகளை நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்யலாம்:

1. விரல்களை நேராக நீட்டுங்கள். பின் விரல் நுனிகளை மட்டும் கொக்கி போல் மடக்குங்கள். பின் முழுக் கைப்பிடியாக மூடுங்கள். மீண்டும் நீட்டுங்கள்.
2. கையை முன்னே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மறு கையால் மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்கி 15 விநாடி வைத்திருங்கள். பின் உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பி, விரல்களை மெதுவாகப் பின்னோக்கி இழுத்து 15 விநாடி வைத்திருங்கள்.
3. தோள்களைக் காது வரை உயர்த்தித் தளரவிடுங்கள். தோள்பட்டைகளைப் பின்புறமாக ஒன்றுசேர்த்துத் தளரவிடுங்கள்.

பயிற்சி இதமான இழுவையாகவே இருக்க வேண்டும். வலியோ மரப்போ கூடினால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை

வலியைத் தூண்டும் வேலையைச் சில நாட்கள் குறையுங்கள். கையை முற்றிலும் அசைக்காமல் கட்டிப்போட வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியோ இளஞ்சூடான ஒத்தடமோ பத்து நிமிடம் வைக்கலாம். உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர் ஒத்தடம் கொப்புளம் உண்டாக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறொருவர் சூட்டைச் சோதித்த பின்னரே வைக்க வேண்டும்.

இரவில் விரல்கள் மரத்துப்போவோர் மணிக்கட்டை நேராக வைக்கும் கைப்பட்டையை உறங்கும்போது அணியலாம். ஆறு வாரங்கள் தொடர்ந்து அணிந்து பார்க்க வேண்டும். இறுக்கமாகக் கட்டக் கூடாது.

பட்டாசு ஆலைப் பணியாளர்களுக்கு முக்கியக் குறிப்பு: கைப்பட்டைகளில் பெரும்பாலும் உலோகத் தகடும் செயற்கை இழைத் துணியும் இருக்கும். உலோக உராய்வும் நிலைமின்சாரமும் தீப்பொறிக்குக் காரணமாகலாம். கைப்பட்டையை வீட்டில் மட்டுமே அணியுங்கள். மருந்து கையாளும் அறைக்குள் அதை அணிந்து செல்லாதீர்கள்.

வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்ளாதீர்கள். இரைப்பைப் புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை தீங்கு விளைவிக்கும். பெயர் தெரியாத பொட்டலங்களில் தரப்படும் மாத்திரைகளை முற்றிலும் தவிர்க்கவும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். கையை முரட்டுத்தனமாக இழுத்து உருவுவதும் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• இரண்டு வாரத்திற்கு மேல் வலி அல்லது மரப்பு நீடித்தால்
• இரவில் அடிக்கடி உறக்கம் கலைந்தால்
• சட்டைப் பொத்தான் போடுவது, பூக் கட்டுவது, சாவி திருப்புவது கடினமானால்
• கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து தட்டையானால்
• கர்ப்பிணிகளுக்குக் கை மரத்துப்போனால் (பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தானாகக் குறையும்)

மூட்டு சிவந்து வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு பக்கக் கை திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். நெஞ்சுவலியுடன் கைக்கு வலி பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். இவ்விரண்டிலும் உடனே 108 ஐ அழையுங்கள்.

சிகிச்சை எவ்வாறு அமையும்?

மருத்துவர் கையின் உணர்ச்சியையும் வலிமையையும் சோதிப்பார். இரத்தச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள் தேவைப்படலாம். ஐயம் இருந்தால் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்புவார். முதற்கட்டச் சிகிச்சை இரவுக் கைப்பட்டை, பணிமுறை மாற்றம், இயன்முறை சிகிச்சை ஆகியவை. பலன் இல்லையெனில் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடப்படலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை கூடும் என்பதால் கண்காணிப்பு தேவை. நரம்பு கடுமையாக நசுங்கியிருந்தால் தசைநார்ப் பட்டையை வெட்டி விடுவிக்கும் சிறிய அறுவை சிகிச்சை செய்யப்படும். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீடு திரும்பலாம்.

தாமதத்தின் விலையை அறிந்துகொள்ளுங்கள். சதை மெலிந்த பின் அறுவை சிகிச்சை செய்தால் இரவு வலி நீங்கும். ஆனால் இழந்த பிடிவலிமை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'நரம்பு ஊசி' போட்டால் சரியாகுமா?
அவை பெரும்பாலும் வைட்டமின் பி12 ஊசிகள். அச்சத்துக் குறைபாடு இருந்தால் மட்டுமே பலன் தரும். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு இக்குறைபாடு ஏற்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள். நசுங்கிய நரம்பை ஊசி விடுவிக்காது.

மணிக்கட்டுத் திண்டு நல்லதா?
தட்டச்சை நிறுத்தி இளைப்பாறும்போது கையை அதன் மேல் வைக்கலாம். தட்டச்சு செய்யும்போது அதில் மணிக்கட்டை அழுத்தினால் நரம்பின் மீது சுமை கூடும்.

விரல் சொடக்கினால் மூட்டு தேயுமா?
அதற்குச் சான்று இல்லை. வலியோ வீக்கமோ இருக்கும்போது மட்டும் தவிர்க்கவும்.

குடும்பத்தினருக்கும் பராமரிப்போருக்கும்

அலுவலக வேலை முடிந்தாலும் வீட்டு வேலையில் கை ஓய்வதில்லை. துணி பிழிதல், குடம் தூக்குதல், மாவு பிசைதல், காய் நறுக்குதல் அனைத்தும் அதே தசைநாண்களைப் பயன்படுத்துகின்றன. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் இச்சுமை இரட்டிப்பாகும். ஆறு வாரங்களுக்கு இவ்வேலைகளை வீட்டிலுள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது மருந்துக்கு நிகரானது. கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். மரத்த கையால் அடுப்பில் சமைப்பவருக்குத் தீப்புண் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தினர், சீசனில் புதிய பணியாளர்களுக்கு வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். மவுஸ் வேலையும் சரிபார்ப்பு வேலையும் மாறி மாறித் தரலாம். வலியைச் சொன்னவருக்கு வேலை போகாது என்ற உறுதி இருந்தால்தான் பணியாளர்கள் தொடக்கத்திலேயே சொல்வார்கள்.

எங்கே செல்லலாம்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகுங்கள். தேவையெனில் சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை உள்ளவர்கள் சிவகாசியிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். வெளியே செல்ல இயலாத நோயாளிகளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 ஐ அழைக்கலாம்.

செல்லும்போது, எந்த விரல், எந்த நேரம், எவ்வளவு நாளாக என்ற மூன்று விவரங்களையும், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வேலை என்ன, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் மறைக்காமல் கூறுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.